கிளட்ச் பெடலும் ஓர் அமானிதமே

 

தொழுகை, நோன்பு, ஜகாத், பிள்ளை வளர்ப்பு என்று எழுதிவரும் இடத்தில் பழைய வண்டியின் கிளட்ச் பெடலைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்பு வரை நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஒரு மழைநாள் காலையில் நமக்குக் கிடைத்த பாடம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அந்தப் பாடத்தில் நம்முடைய தவறும் இருப்பதால், அதை மறைக்காமல் எழுதுவதே முறை என்று கருதுகிறோம்.

நம் மதரஸாவுக்கு ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் உண்டு. கோட்டக்குப்பத்திலிருந்து ஆலிமாக்கள் நால்வரைக் காலையில் புதுச்சேரிக்கு அழைத்து வருவதும் மாலையில் வீடு சேர்ப்பதும் அதன் அன்றாடப் பணி. இடையில் அரிசி மூட்டைகளும் கிதாபுகளும், ரமளானில் நோன்புக் கஞ்சிக்கான சாமான்களும் அதில்தான் வரும். அந்த வண்டியை ஓட்டுபவர் அறுபதை நெருங்கும் பெரியவர். மதரஸாவில் அனைவரும் அவரை நானா என்றே அழைப்போம்.

முதலில் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது ஒரு கிறீச்சொலி கேட்டது. பிறகு பெடல் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அதன் பின்னர் ரிவர்ஸ் கியர் போடும்போது பற்கள் உரசும் சத்தம் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கும் கேட்டது. நானா நம்மிடம் இரண்டு முறை சொன்னார்: "ஹஜ்ரத், பெடல் ரொம்ப ஆடுது. ஒருநாள் பட்டறையில விட்டுப் பாத்துடணும்." முதல் முறை, "இன்ஷா அல்லாஹ், நோன்பு முடியட்டும் நானா" என்றோம். இரண்டாம் முறை, "இன்ஷா அல்லாஹ், ஆண்டுத் தேர்வு முடியட்டும்" என்றோம். அல்லாஹ்வின் நாட்டத்தின் மீது நம்பிக்கை வைத்துச் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை, செய்ய விரும்பாத வேலையைத் தள்ளிப்போடும் சொல்லாக நாம் ஆக்கிக்கொண்டோம். இதை எண்ணும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இடையில் வழியில் இருந்த ஒரு பட்டறையில் கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை. சில வாரங்கள் சரியாக இருப்பதுபோல் தோன்றியது. பிரச்சினை தீர்ந்தது என்று நாமும் மறந்துவிட்டோம்.

அந்த மழைநாள் காலையில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே நெரிசலில் வண்டி நின்றது. முதல் கியரில், கிளட்சை மிதித்தபடி நானா காத்திருந்தார். பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. செருப்பிலோ மழை ஈரம். பெடல் பக்கவாட்டில் சாய, கால் வழுக்கியது. வண்டி ஒரு குதி குதித்து, முன்னே நின்ற பள்ளி மாணவன் ஒருவனின் சைக்கிளைத் தட்டிய பிறகே நின்றது. பையன் எட்டிக் குதித்துவிட்டான். பின்சக்கரத்து மட்கார்டு வளைந்தது, அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு முழம் கூடுதலாக வண்டி நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

அன்று மாலை மதரஸா நிர்வாகிகள் கூடினோம். "இனி இந்த வண்டி வேண்டாம், யாரிடமாவது தள்ளிவிடலாம்" என்பதே முதலில் வந்த கருத்து. வீராம்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் குறைந்த விலையில் வேன் தேடுவதாகவும் ஒருவர் சொன்னார். கேபிளை இன்னும் கொஞ்சம் இறுக்கி, கிரீஸ் தடவி, புது ரப்பர் மாட்டிவிட்டால், தெருக்கோடி வரை ஓட்டிப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி நமக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆனால், அன்று காலைதான் நாம் மாணவர்களுக்கு வணிகப் பாடம் நடத்தியிருந்தோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நிகழ்ச்சி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றிருப்பதை நம்மில் பலர் அறிவோம். மழையில் நனைந்ததாகக் கூறிய வியாபாரியிடம், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். கிரீஸ் தடவிய பெடல் என்பது காய்ந்த தானியத்தால் மூடப்பட்ட ஈரத் தானியமே. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பாடம் நடத்தும் நாமே அதை மீறினால், அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு? விடியற்காலையில் மீன் கூடைகளோடு அந்த வேனை ஓட்டப் போகிறவரின் காலும் ஒருநாள் வழுக்கும். அப்போது முன்னால் யாருடைய பிள்ளை நிற்கும்?

எனவே, முதலில் முறையாகப் பழுது பார்ப்போம், பிறகு வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்வோம் என்று தீர்மானித்தோம். மறுநாள் நாமே நானாவுடன் பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த மேஸ்திரி நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் தொழிலில் நேர்மையானவர் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்தோம். அவர் நம்மைக் குனியச் சொல்லி, "பாய், நீங்களே கையால ஆட்டிப் பாருங்க" என்றார். ஆட்டிப் பார்த்தோம். ஒரு விரல் அகலத்துக்கு அது இப்படியும் அப்படியும் ஆடியது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெடலை நாம் தொட்டது அதுவே முதல் முறை.

அவர் விளக்கியதை, வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம். பெடலின் ஒரு முனையில் நாம் மிதிக்கும் தட்டு இருக்கிறது. மறுபுறம் அது ஓர் இரும்புத் தண்டில் கோக்கப்பட்டிருக்கிறது. தண்டுக்கும் பெடலின் துளைக்கும் நடுவே புஷ் எனப்படும் வளையங்கள் உண்டு. இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் தேய்மானத்தைத் தாங்கிக்கொள்வதே அவற்றின் வேலை. கிரீஸ் காய்ந்து, செருப்பு மண்ணும் நம் கடற்கரை ஊரின் உப்பு ஈரமும் சேர்ந்தால் புஷ் விரைவில் தேய்கிறது. புஷ் தேய்ந்த பிறகும் ஓட்டினால் தண்டிலேயே பள்ளம் விழுகிறது. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிறது. அதன் பிறகு, நாம் மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே வீணாகிறது. கேபிள் முழுமையாக இழுபடுவதில்லை. கிளட்சும் முழுமையாக விடுபடுவதில்லை. கியர் பற்கள் உரசுவது அதனால்தான்.

கேபிளை இறுக்குவதால் இது தீராது, மேலும் கெடும் என்பதையும் அவர் காட்டினார். பெடலில் மேலே கொஞ்ச தூரம் எதிர்ப்பின்றி எளிதாக இறங்க வேண்டும். இதை மெக்கானிக்குகள் 'ஃப்ரீ பிளே' என்பார்கள். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதன் கையேட்டில் குறித்திருப்பார்கள். தேய்ந்த பெடலைச் சமாளிக்கக் கேபிளை இறுக்கிக்கொண்டே போனால் இந்த இடைவெளி இல்லாமல் போய்விடும். கால் எடுத்த பிறகும் கிளட்ச் சற்றே மிதிபட்ட நிலையிலேயே இருக்கும். பேரிங் ஓயாமல் உரசும். பிளேட் வழுக்கிச் சூடேறித் தீய்ந்துபோகும். சிறிய புஷ்ஷில் முடிய வேண்டிய செலவு, கியர் பெட்டியை இறக்கிக் கிளட்ச் முழுவதையும் மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.

மேஸ்திரி ஸ்பிரிங்கைக் கழற்றி, கேபிள் கொக்கியை விடுவித்து, தண்டை உருவி எடுத்தார். விரலால் தடவிப் பார்த்தபோது பள்ளம் தட்டுப்பட்டது. துளை நீண்டு போயிருந்ததால் புது புஷ் மட்டும் போதவில்லை. பெடலை லேத் பட்டறைக்கு அனுப்பி, துளையை வெல்டிங் செய்து நிரப்பி, அளவாகக் கடைந்து, புதிய தண்டும் கன்மெட்டல் புஷ்ஷும் பொருத்தினார்கள். கேபிளையும் புதிதாக மாற்றி, கிரீஸ் வைத்து, பழைய ரப்பரை எடுத்துவிட்டு வரிகள் உள்ள புது ரப்பர் மாட்டினார்கள். கடைசியில்தான் ஃப்ரீ பிளேயை அளந்து நட்டைத் திருகினார். இறுக்குவது முதல் வேலையாக அல்ல, கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதை அப்போது புரிந்துகொண்டோம்.

லேத் பட்டறையில் நின்றிருந்தபோது தாவூத் (அலை) அவர்களின் நினைவு வந்தது. அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவச வளையங்களை அளவாகச் செய்யுமாறு ஏவியதையும் ஸபஃ அத்தியாயம் சொல்கிறது. ஒரு நபிக்கு அளித்த கட்டளையில் வளையத்தின் அளவும் இடம்பெற்றிருக்கிறது என்றால், சரியான அளவில் வேலை செய்வது உலக விஷயம் மட்டும்தானா? நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், கிழிந்த ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பழுதுபார்த்துப் பயன்படுத்துவது வறுமையின் அடையாளமல்ல, சுன்னத்தின் அழகு.

புஷ்களின் விலை ஒரு பொட்டலம் பிரியாணியின் விலையைத் தாண்டவில்லை. லேத் கூலி, தண்டு, கேபிள், மேஸ்திரியின் கூலி எல்லாம் சேர்ந்தும், புது வண்டிக்கான ஒரு மாதத் தவணையைவிடக் குறைவாகவே இருந்தது. கூலியை அங்கேயே, பேரம் பேசாமல் கொடுத்தோம். பையனின் சைக்கிள் மட்கார்டையும் அன்றே மாற்றிக் கொடுத்து, அவன் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

மறுநாள் காலை நானா கோட்டக்குப்பம் சென்று வந்தார். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது: "ஹஜ்ரத், இன்னிக்கு ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்க வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன்."

ஓராண்டாக அவர் ஒவ்வோர் இரவும் இடது முழங்காலுக்குத் தைலம் தேய்த்து வந்திருக்கிறார். காய்ந்த கேபிளையும் சாயும் பெடலையும் நாளெல்லாம் மிதித்த வலி அது. நமக்குத் தெரியவே தெரியாது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். வண்டியின் குறையை அவருடைய முழங்கால் சுமந்துகொண்டிருந்தது.

பசியாலும் கடும் வேலையாலும் நலிந்த ஒட்டகத்தைக் கண்டு, வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு அதன் உரிமையாளருக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறோம். வேனுக்கு உயிரில்லை என்பது உண்மை. ஆனால் அதை ஓட்டுபவருக்கு உயிர் உண்டு. அவருக்கு வாயும் உண்டு. இரண்டு முறை சொல்லவும் செய்தார். கேட்காமல் இருந்தது நாம்தான்.

இதுவே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி. முடிவு எடுப்பவர்கள் பின்இருக்கையில் அமர்ந்திருக்கிறோம். பெடல் வேறொருவரின் காலடியில் இருக்கிறது. அது தேய்வதை முதலில் அறிபவர் அவரே. எனவே பொறுப்பில் இருப்பவர் வருமுன் காக்க விரும்பினால், அதை மிதிப்பவரிடம் கேட்க வேண்டும். அவர் சொன்னால் அன்றே கவனிக்க வேண்டும். வீட்டு வண்டியை மகன் ஓட்டுகிறான் என்றால் தந்தை கேட்கட்டும். கடை வண்டியைப் பணியாளர் ஓட்டுகிறார் என்றால் முதலாளி கேட்கட்டும். ஜமாஅத்தின் ஜனாஸா வண்டியை ஓட்டுபவரிடம் முத்தவல்லி கேட்கட்டும். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவை குறித்து விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியின் பொருளில் இதுவும் அடங்கும் என்றே நம்புகிறோம்.

சிலர் இரண்டு மறுப்புகளை முன்வைக்கிறார்கள். முதலாவது, "நடப்பது அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கும்" என்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதியில் வரும் செய்தியே இதற்குப் போதிய பதில்.

இரண்டாவது, "பழைய வண்டிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும், புதிதாக வாங்கலாமே" என்பது. ஹலாலான பணம் கையில் இருந்தால் வாங்கலாம்; தடையில்லை. ஆனால் நம்மில் பலருக்குப் புது வண்டி என்பது வட்டிக் கடன் என்றே பொருள்படுகிறது. சில ஆயிரம் ரூபாயில் தீரும் பழுதுக்காக ரிபாவின் வாசலை மிதிப்பது அறிவுடைமையா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் சொந்த வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு முடிந்ததும் அதை உடைத்துவிடச் சொல்லவில்லை. தகுதியைச் சோதித்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவே வழிவிடுகிறது. டெல்லி போன்ற இடங்களில் காற்று மாசு காரணமாகத் தனிக் கட்டுப்பாடுகள் வந்ததும் உண்டு. அதையும் மதிக்க வேண்டும். ஆம்னி வேனின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்ட போதிலும், தேய்ந்த பாகத்தைக் கடைந்து கொடுக்கும் கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன.

பழுதுபார்த்தலின் மதிப்பை உலகமும் மீண்டும் உணர்ந்து வருகிறது. நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர்கள் வாழும் பிரான்சில், 2021 ஜனவரியில் செல்பேசி, சலவை இயந்திரம் போன்ற சில சாதனங்களுக்கு, எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள். இந்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையவாசலைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரைச் சாலையே சாட்சி. பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம் நலிந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நாம் கண்ணால் கண்டோம். அதே இடத்தில் புதிதாக எழுப்பிய கட்டடம் 2021இல்தான் திறக்கப்பட்டது.

அதே வேளையில், எல்லாப் பழைய வண்டியையும் இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெடலைத் தாங்கும் சட்டமோ வண்டியின் தளமோ உப்புக் காற்றில் துருப்பிடித்து உளுத்துவிட்டால், புது புஷ் போட்டுப் பயனில்லை. அப்போது அதை ஓட்டுவதே பிறருக்குத் தீங்கு. தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அத்தகைய வண்டியை உள்ளது உள்ளபடி சொல்லி, உடைப்பதற்கென்றே கொடுத்துவிட வேண்டும்.

இந்த வாரம் வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மெதுவாக அழுத்தி, கிறீச்சொலி வருகிறதா, மேலே சிறிது தூரம் எளிதாக இறங்குகிறதா என்று பாருங்கள். ரப்பரில் வரிகள் இருக்கின்றனவா என்று தடவுங்கள். பிறகு திறந்தவெளியில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். உரசினால் பட்டறைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. நேரு வீதி நெரிசலில் கிளட்சை அரைகுறையாக மிதித்தபடி ஊர்வதையும், சிக்னலில் கியரிலேயே நிற்பதையும் தவிர்த்து, நியூட்ரலில் நிற்கப் பழகுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, வண்டியை ஓட்டுபவரிடம், "கால் வலிக்கிறதா?" என்று ஒரு முறை கேளுங்கள்.

வேனை நாம் விற்கவில்லை. வீராம்பட்டினத்துச் சகோதரருக்கு வேறொரு வண்டியைத் தேடித் தரவும் முயன்று வருகிறோம். அதன் குறைகள் அனைத்தையும் அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது நம் நிபந்தனை. நானா இப்போதும் காலையில் கோட்டக்குப்பம் செல்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பின் அவரிடம் வண்டியின் நலம் கேட்பதை நாம் கடமையாக்கிக்கொண்டோம். அவருடைய முழங்காலின் நலத்தையும் சேர்த்தே கேட்கிறோம்.

நம் பொறுப்பில் உள்ள அமானிதங்களைப் பேணவும், நமக்காக உழைப்பவர்களின் சொல்லைச் செவிமடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.